மாயக்கதையும் மறுபேச்சும்

மின்சாரத்தைத் தொட்டதும் இரும்புக்கை மாயாவியின் உடம்பு மறைந்துவிடும். அந்த இரும்புக் கை மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். அப்படியென்றால் அவன் போட்டிருந்த கோட்டும் பூட்ஸும் எப்படி மறைந்தன? 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக ‘இரும்புக்கை மாயாவி’ வந்ததிலிருந்து, தமிழ்நாட்டின் எத்தனையோ ஊர்களில் பதின்வயதுப் பையன்கள் இந்தக் கேள்விக்காகக் கட்டிப் புரண்டிருக்கிறார்கள். நெய்க்காரப்பட்டியிலும்தான். “கரண்டு துணியிலயும் பாயுமல்லடா, அதனால மறையுது” என்பது ஒரு கட்சி. “துணியில கரண்டு பாயாது, ஈரமா இருந்தாத்தான் பாயும், வாத்தியாரே சொன்னாரு” என்பது எதிர்க்கட்சி. இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்த மூன்றாமவன் ஒன்றைப் போட்டு உடைப்பான்: “கரண்டு நல்லாப் பாயறது இரும்புலதான? அப்ப அதுதான மொதல்ல மறையோணும்?”

இதை விமர்சனம் என்று அன்று யாரும் சொல்லவில்லை. மாயக்கதைக்கும் ஒரு சட்டம் உண்டு, கதை எழுதியவர் தானே போட்ட சட்டத்தைத் தானே மீறக் கூடாது என்பதை அந்தப் பையன்கள் யாரும் சொல்லித்தராமலே கண்டுபிடித்திருந்தார்கள். மாயக்கதையைப் பற்றிச் சொல்லக்கூடிய முதன்மையான விஷயமே அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

பழனியிலிருந்து உடுமலை போகும் சாலையில், பழனியை விட்டுச் சற்றுத் தொலைவிலேயே வந்துவிடும் பேரூர் நெய்க்காரப்பட்டி. தெற்கே மலைத்தொடர், சுற்றிலும் கரும்பு, ஊருக்குள் வெல்லச் சந்தை. 1985-இல் திண்டுக்கல் தனி மாவட்டமாகும் வரை மதுரை மாவட்டத்தின் மேற்கு ஓரமாக இருந்தது. பேச்சிலும் கொடுக்கல் வாங்கலிலும் என்றைக்கும் கொங்குச் சாயல். கதைப் புத்தகம் வேண்டுமென்றால் பழனிக்கு பஸ் ஏற வேண்டும். ஒரு பையனுக்குக் காசு கிடைத்து அவன் ஒரு காமிக்ஸ் வாங்கிவிட்டால் அது அந்தத் தெருவுக்கே வந்த மாதிரி. கை மாறிக் கை மாறி அட்டை கழன்று, முதல் நாலு பக்கம் போய், கடைசியில் முடிவே இல்லாமல் ஒருவன் கைக்கு வரும். முடிவைப் படித்தவன் வாய் திறந்து சொன்னால்தான் அவனுக்கு விமோசனம். சொல்கிறவன் தன் இஷ்டத்துக்கு முடிவை மாற்றிச் சொல்லிவிடுவதும் உண்டு. பிறகு உண்மை தெரிந்ததும் எது நல்ல முடிவு என்று அடுத்த சண்டை. ஒரே ஒரு பிரதி இருந்ததால், எல்லோரும் படித்தது ஒரே கதை. எல்லோரும் ஒரே கதையைப் படித்ததால்தான் அந்தச் சண்டை நடக்க முடிந்தது. இதை இங்கே அழுத்திச் சொல்லிவைக்கிறேன். இன்றைய நிலையைப் பேசும்போது இது தேவைப்படும்.

அதற்கும் முன்னால் அச்சே தேவைப்படவில்லை. கரும்பாலை ஓடும் மாதங்களில் கொப்பரையில் பாகு காய்ந்து பதத்துக்கு வரும்வரை ஆட்கள் கண் விழித்திருக்க வேண்டும். அந்த நேரத்துக்குக் கதைதான் துணை. கொங்கு நாட்டின் பெரிய கதை அண்ணன்மார் கதை. பொன்னர், சங்கர் என்ற இரண்டு அண்ணன்மார், நடக்கப்போவதை முன்கூட்டியே அறிந்து சொல்லும் தங்கை தங்காள், கொம்பன் என்ற காட்டுப் பன்றி, மாண்டவர் மீண்டெழுவது. ஒரு மாயக்கதைக்கு வேண்டிய அத்தனையும் அதில் இருக்கிறது. உடுக்கடித்து இரவு இரவாகப் பாடுவார்கள். 1965-இல் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் மானுடவியலாளர் பிரெண்டா பெக் இந்தக் கதையைப் பல இரவுகள் உட்கார்ந்து ஒலிப்பதிவு செய்தார். கேட்பவர்கள் குறுக்கே பேசாத கதைசொல்லல் இந்தப் பக்கம் கிடையாது. “அத்தனை படை வெச்சிருந்தவனுக்கு ஒரு பன்னியைப் புடிக்க முடியலையா?” என்று ஒரு பொடியன் கேட்டால் கதை சொல்கிற பெரியவர் நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் மேலே போவார்.

அச்சில் வந்தவற்றுள் இந்த மறுபேச்சுக்கென்றே செய்த மாதிரி இருந்தவை அம்புலிமாமாவின் வேதாளக் கதைகள். 1947 ஜூலையில் தொடங்கிய அம்புலிமாமாவில், தோளில் பிணத்தோடு நடக்கும் விக்கிரமன், அதற்குள் இருக்கும் வேதாளம் என்ற அந்தப் படம் மாதாமாதம் வரும். கதை முடிந்ததும் வேதாளம் ஒரு கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் மன்னன் தலை வெடித்துவிடும். சொன்னால் மௌனம் கலைந்து வேதாளம் மரமேறிவிடும். பக்கத்தைத் திருப்புவதற்குள் நாம் ஒரு தீர்ப்பு சொல்லியாக வேண்டும். ஒருவன் உரக்கப் படிக்க, நாலு பேர் கேட்டுக்கொண்டிருக்கும் இடங்களில், கேள்வி வந்ததும் படிப்பவன் புத்தகத்தை மூடிவிடுவான். அவரவர் தீர்ப்பைச் சொன்ன பிறகுதான் மன்னரின் தீர்ப்பு வரும். மன்னர் சொன்னது தப்பு என்று கடைசிவரை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளும் இருந்தார்கள். மூலத்தில் இருந்த இருபத்தைந்து கதைகள் என்றைக்கோ தீர்ந்துபோய், ஆசிரியர் குழு அதே சட்டகத்துக்குள் நூற்றுக்கணக்கில் புதுக் கதைகளை எழுதிக்கொண்டே போனது. கேள்வி கேட்கிற கதை வேண்டும் என்று பிள்ளைகள் விரும்பியதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

அந்த விக்கிரமனையும் வேதாளத்தையும் வரைந்தவர் இந்தப் பக்கத்துக்காரர் என்பது இங்குள்ள பிள்ளைகள் எத்தனை பேருக்குத் தெரியும்? ‘சங்கர்’ என்று கையெழுத்திட்ட கே. சி. சிவசங்கரன் 1924-இல் காரத்தொழுவில் பிறந்தவர். இன்றைய மடத்துக்குளம் வட்டத்து ஊர். நெய்க்காரப்பட்டிக்காரர்கள் பெண் எடுத்துப் பெண் கொடுக்கும் தொலைவு. சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, கலைமகளில் வேலை பார்த்து, 1952-இல் அம்புலிமாமாவுக்குப் போனார். 2020-இல் மறைந்த பிறகு 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. கரும்புக்காட்டு ஊர் ஒன்றிலிருந்து போனவரின் கைதான் இந்திய மொழிகள் பலவற்றின் பிள்ளைகளுக்கு வேதாளம் எப்படி இருக்கும் என்று காட்டியது. நம் பள்ளிச் சுவர்களில் அவர் படம் ஒன்றாவது இருக்க வேண்டாமா?

டீக்கடையில் நடந்தது இன்னொரு வகை. 1960-இல் தினத்தந்தியில் தொடங்கிய ‘கன்னித்தீவு’, சிந்துபாத், லைலா, மந்திரவாதி மூசா என்று நாளுக்குச் சில கட்டமாக நகர்ந்துகொண்டே இருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் பள்ளிக்கூடத்துப் பையனைப் பிடித்து வைத்துப் படிக்கச் சொல்வார்கள். “ஏங் கண்ணு, நேத்து அந்தப் பூதம் என்னாச்சு?” என்று அறுபது வயதுக்காரர் பதின்மூன்று வயதுக்காரனிடம் கேட்டார். அவன் சொன்ன அபிப்பிராயத்தை மறுத்தார், ஒத்துக்கொண்டார், கோபித்துக்கொண்டார். ஒரு வளரிளம் பையனின் பேச்சை ஊர்ப் பெரியவர் சரிக்குச் சரியாக எடுத்துக்கொண்ட தருணங்கள் அந்த ஊர்களில் மிகக் குறைவு. மாயக்கதை அப்படி ஓர் இடம் கொடுத்தது.

பழைய நாளை இனிப்பாக மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அந்த டீக்கடைப் பெஞ்சு எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியதாக இருக்கவில்லை. தனிக் குவளை வைத்திருந்த காலத்தில், காலனிப் பிள்ளை அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து கன்னித்தீவைப் படித்துக் காட்டியிருக்க முடியாது. கை மாறிய காமிக்ஸ் எந்தத் தெருவோடு நின்றது என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே. அதைத் தாண்டியது பள்ளிக்கூடத்தில்தான், அதுவும் பையில் ஒளித்து எடுத்துப்போனதால். பெண் பிள்ளைகளின் கதை வேறு. வயதுக்கு வந்ததும் வாசற்படிக்கு உள்ளேதான். தம்பி கொண்டுவந்தால் காமிக்ஸ்; இல்லாவிட்டால் வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்து பைண்டு செய்த தொடர்கதை. ஆனாலும் அவர்கள் பேசினார்கள். பொன்னியின் செல்வனில் நந்தினி பக்கமா குந்தவை பக்கமா என்று களத்துமேட்டிலும் குழாயடியிலும் நடந்த வழக்குக்கு எந்தப் பத்திரிகையிலும் பதிவு கிடையாது.

பதிவாக வாய்ப்பிருந்த ஒரே இடம் வாசகர் கடிதப் பகுதி. முத்து காமிக்ஸுக்கும் 1984-இல் வந்த லயன் காமிக்ஸுக்கும் ஊர்ப் பெயரோடு கடிதங்கள் குவிந்தன. லயனைத் தொடங்கியபோது எஸ். விஜயனுக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை; படிக்கிறவர் வயதும் ஆசிரியர் வயதும் ஏறக்குறைய ஒன்று. அதே ஆண்டில் ராணி காமிக்ஸும் வந்தது. அதில் புதுக் குழப்பம்: முத்துவில் ‘வேதாளர்’ என்று வந்த முகமூடிக்காரரை ராணியில் ‘மாயாவி’ என்றார்கள். இரும்புக்கையும் மாயாவி, முகமூடியும் மாயாவி. யார் அசல் மாயாவி என்பதற்கும் கட்சி பிரிந்தது. ஒரு அஞ்சலட்டையில் நாலு வரி எழுதிப் போட்டுவிட்டு, அது அச்சாகியிருக்கிறதா என்று மாதக்கணக்கில் புரட்டிப் பார்த்தார்கள். பெரும்பாலும் அச்சாகியிருக்காது. ஆனாலும் அந்த அட்டையை எழுதியது வீணில்லை. பிடித்ததற்கும் பிடிக்காததற்கும் காரணம் சொல்லிப் பழகினார்கள்.

பிறகு ஒவ்வொன்றாக நின்றன. 2005-இல் ராணி காமிக்ஸ். 2010-களின் தொடக்கத்தில் அம்புலிமாமா. கொரோனாவை ஒட்டிக் கோகுலமும் சுட்டி விகடனும். லயனும் முத்துவும் இன்றும் வருகின்றன, அருமையான தாளில், வண்ணத்தில். ஆனால் அவற்றை வாங்குகிறவர்கள் அன்று பதின்மூன்று வயதில் படித்த அதே ஆட்கள். பத்திரிகை தன் வாசகரோடு சேர்ந்து ஐம்பதைத் தாண்டிவிட்டது. பதின்மூன்று வயது காலியாக நின்றது.

இன்றைக்கு வருவோம். காலையில் பள்ளி வேன் ஒரு பாதிப் பிள்ளைகளை ஆங்கிலவழிப் பள்ளிகளுக்கு அள்ளிக்கொண்டு போகிறது. அவர்களில் படிக்கிறவர்களுக்கு ஹாரி பாட்டர் தெரியும், பெர்சி ஜாக்சன் தெரியும். அதே தெருவில் தமிழ்வழியில் படிக்கிற பிள்ளைக்கு ஹாரி பாட்டர் என்றால் டிவியில் தமிழ் பேசிய படம். கதைப் பசிக்குக் கைப்பேசி. பிரதிலிபியில் பேய்க்கதையும் மாயக்கதையும் தொடராக ஓடுகின்றன, பெண் பிள்ளைகள் விடாமல் படிக்கிறார்கள். வாசலைத் தாண்டாமலே உலகத்துக் கதையெல்லாம் அவர்கள் கைக்கு வந்துவிட்டது பெரிய விடுதலை. அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அடுத்தடுத்த வீட்டில் இருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு இன்று பொதுவாக ஒரு கதை இல்லை. ஒன்று படித்ததை மற்றது படித்திருக்காது. பிறகு எதை வைத்துச் சண்டை போடுவது? “சூப்பரா இருந்துச்சு” என்று ஒருத்தி சொன்னால், “அப்பிடியா” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

இத்தனைக்கும் தமிழில் அந்த வயதுக்கென்றே எழுதப்பட்ட மாயக்கதைகள் இன்று இருக்கிற அளவுக்கு என்றும் இருந்ததில்லை. அன்றைய பிள்ளைகள் படித்தது எல்லோருக்குமான கதையை, அல்லது வெளிநாட்டுக் கதையை. அவர்கள் வயதை, அவர்கள் பயத்தை, அவர்கள் உடம்பை நினைத்து யாரும் எழுதவில்லை. தினமணி சிறுவர்மணியில் ஜெயமோகனின் ‘பனிமனிதன்’ தொடராக வந்தபோது அது அபூர்வமாக இருந்தது. இப்போது ‘இளையோர் நாவல்’ என்று அட்டையிலேயே போட்டு வருகிறது. யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ என்ற நாவலில் பேசும் மரப்பாச்சி, தொடக்கூடாத விதத்தில் தொடுகிறவர்களைப் பற்றி ஒரு சிறுமி வாய் திறக்கத் துணை நிற்கிறது. 2020-க்கான பால சாகித்ய புரஸ்கார் அதற்குக் கிடைத்தது. உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ நாவலில் விடுமுறைக்குக் கீழடி போகும் சிறுவன், 2,600 ஆண்டுக்கு முந்தைய ஆதனைச் சந்திக்கிறான், அதற்கு 2023-இல். விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’வுக்கு 2025-இல். விழியனின் ‘மாகடிகாரம்’ இன்னொன்று. 2021-இல் சிறார் எழுத்தாளர்களும் கலைஞர்களும் தமக்கென ஒரு சங்கமே அமைத்துக்கொண்டார்கள்.

எழுதுகிறவர்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள் என்றே சொல்வேன். படித்ததைப் பற்றிப் பேசுவதற்கு நாம் வைத்திருக்கும் ஏற்பாட்டில்தான் என் மனக்குறை.

அரசுப் பள்ளிகளில் முயற்சி இல்லாமல் இல்லை. 2022-இல் பள்ளிக் கல்வித் துறை நாலு, ஐந்தாம் வகுப்புகளுக்கு ‘ஊஞ்சல்’, ஆறு முதல் ஒன்பது வரை ‘தேன்சிட்டு’ என்று இதழ்கள் தொடங்கியது. அடுத்து வந்த வாசிப்பு இயக்கம் சின்னச் சின்னப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலையில் பிரித்துக் கொடுத்தது. நூலகப் பாடவேளை மீண்டும் உயிர்பெற்றது. படித்ததைப் பற்றி எழுதச் சொல்கிறார்கள், வரையச் சொல்கிறார்கள், நடித்துக் காட்டச் சொல்கிறார்கள். இதெல்லாம் அன்றைய பிள்ளைகளுக்குக் கனவில்கூடக் கிடைக்காதது. காலனிப் பிள்ளை கைக்கும் அதே புத்தகம் நேராகப் போகிறது. டீக்கடைப் பெஞ்சு செய்யாததை வகுப்பறை செய்கிறது.

ஆனால் பிள்ளைகள் எழுதும் நூல் மதிப்புரைகளைப் படித்துப் பாருங்கள். முக்கால்வாசி ஒரே இடத்தில் போய் முடியும்: அனைவரும் படித்துப் பயன்பெற வேண்டிய நூல். கதை சொல்லும் நீதி இது, கற்றுக்கொண்ட பாடம் அது. பதினான்கு வயதில் இருக்கும் ஒருவருக்கு ஒரு புத்தகத்தைப் பற்றி உண்மையில் தோன்றுவது இதுவா? நடுவில் இழுவை என்று தோன்றும். அந்த மந்திரவாதி இவ்வளவு லேசாகத் தோற்றிருக்கக் கூடாது என்று தோன்றும். காலம் தாண்டிப் போனவன் பேசிய தமிழ் அங்கே இருந்தவனுக்கு எப்படிப் புரிந்தது என்று தோன்றும். நாயகியைவிட வில்லியைப் பிடித்துப்போய் அதை வெளியே சொல்லக் கூச்சமாகவும் இருக்கும். இவற்றில் ஒன்றுகூடத் தாளில் ஏறுவதில்லை. திருத்தப்போவது ஆசிரியர் என்று தெரிந்த பிறகு பிள்ளை ஆசிரியருக்காகத்தான் எழுதும். இதில் ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கும் படிவம் நிரப்ப வேண்டியிருக்கிறது. அன்றைய பையன்கள் மாயாவியின் கோட்டைப் பற்றிப் பேசியது யாருடைய மதிப்பெண்ணுக்காகவும் இல்லை என்பதால்தான் அந்தப் பேச்சில் அத்தனை கூர்மை இருந்தது.

இன்னொன்று, தேன்சிட்டு ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பத்தில் பொதுத்தேர்வு. கதைப் புத்தகத்தைக் கையில் பார்த்தால் “பரீட்சைக்கு இதுல இருந்தா கேக்கறாங்க?” என்று வீட்டில் கேட்பார்கள். உலகம் முழுக்க இளையோர் மாயக்கதைகள் உயிராகப் படிக்கப்படும் வயது பதினான்கிலிருந்து பதினெட்டு. இங்கே அந்த வயதுப் பிள்ளையின் மேசையில் வினாவங்கிதான் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வை எடுத்துவிட்டது. மூச்சு விட ஒரு வருடம் கிடைத்திருக்கிறது. அந்த வருடத்தைப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே நடத்தித் தின்றுவிடாமல் இருந்தால் நல்லது.

நான் கேட்பது சிறியது. நம் ஊர்களில் வீட்டுவரி கட்டும்போது ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாகவும் கட்டுகிறோம். 1948-இலேயே பொது நூலகச் சட்டம் போட்டு, இந்தியாவுக்கே முன்னால் போன மாநிலம் இது. நூலகத்துக்கு இளையோர் நாவல் வாங்கும்போது ஐம்பது தலைப்பில் ஒவ்வொரு பிரதி வாங்குவதோடு, ஒன்றிரண்டு தலைப்பில் பத்துப் பத்துப் பிரதியும் வாங்க வேண்டும். திண்டுக்கல் இலக்கியக் களம் நடத்தும் புத்தகத் திருவிழாவுக்குப் போகும் பள்ளிகளும் இதையே செய்யலாம். ஒரே மாதத்தில் பத்துப் பிள்ளைகள் ஒரே கதையைப் படிக்க வேண்டும்: வேனில் போகிறவளும், நடந்து போகிறவனும். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களை உட்காரவைத்துவிட்டுப் பெரியவர்கள் எழுந்து போய்விட வேண்டும். சான்றிதழ் வேண்டாம், பரிசு வேண்டாம், சுற்றறிக்கைக்குப் புகைப்படமும் வேண்டாம். பிடிக்கவில்லை என்று சொல்லும் பிள்ளையிடம் ஏன் என்று கேட்கப் பக்கத்தில் இன்னொரு பிள்ளை இருந்தால் போதும்.

முதல் புத்தகமாக நான் சொல்வது ‘ஆதனின் பொம்மை’. பிள்ளைகள் வேறொன்றைச் சொன்னால் அதுவே இருக்கட்டும்.